செவலைக்குத் தையல் பிரித்தாச்சு

நேற்று காலை எங்கள் நாய் செவலைக்குத் தையல் பிரித்தார்கள். மேசைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து, நான் தலையைப் பிடித்துக்கொண்டு காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே இருந்தேன். டாக்டர் கத்திரியின் நுனியை ஒவ்வொரு முடிச்சுக்கும் கீழே நுழைத்து வெட்டி, இடுக்கியால் நூலை இழுத்தெடுத்தார். மொத்தம் ஒன்பது தையல். அவள் ஒரு முனகல்கூடப் போடவில்லை. மேசையிலிருந்து இறக்கியதும் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

கருத்தடை ஆபரேஷனுக்கு முன்னால் நாய் வளர்க்கிற தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டேன். மயக்க ஊசி எப்படிப் போடுவார்கள், எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு செலவு என்றெல்லாம் விவரமாகச் சொன்னார்கள். பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே பதில்தான்: "ரெண்டு நாள் டல்லா இருக்கும். அப்புறம் சரியாயிடும்." அந்த 'அப்புறம்' என்ன என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதை எழுதிவைக்கத்தான் இந்தப் பதிவு.

செவலை நாட்டு நாய். எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்கு அடியில் இரண்டு மாதக் குட்டியாகக் கிடந்தவள். நிறத்தைப் பார்த்து அம்மா வைத்த பெயர் அது. தாத்தா வீட்டில் அந்த நிறத்தில் ஒரு மாடு இருந்ததாம். போன செப்டம்பரில் முதல்முறை ஹீட்டுக்கு வந்தாள். மூன்று வாரம். குரோம்பேட்டையில் இருக்கிற கடுவன் நாய்கள் அத்தனையும் எங்கள் கேட்டுக்கு வெளியே ராத்திரி பகலாகக் கிடந்தன. அவற்றுக்குள் நடந்த சண்டையில் ஒரு கிழ நாயின் காது கிழிந்து தொங்கியது. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

உடனே செய்ய முடியாது என்றார் டாக்டர். ஹீட் சமயத்தில் கருப்பையைச் சுற்றி ரத்த ஓட்டம் அதிகமாக இருக்கும், ரத்தப்போக்குக்கு வாய்ப்பு அதிகம், இரண்டு மூன்று மாதம் போகட்டும் என்றார். அப்படியே தீபாவளியும் கழிந்தது. அது நல்லதாகவும் போனது. வெடிச் சத்தத்துக்குச் சுவரில் ஏறுகிற நாயை, வயிற்றில் தையலோடு வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

டிசம்பரில் ரத்தப் பரிசோதனை. தட்டணுக்கள் 90,000 என்று வந்தது. நாய்க்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். பார்க்க நன்றாகத்தான் இருந்தாள், சாப்பிட்டாள், ஓடினாள். ஆனால் உள்ளே உண்ணிக் காய்ச்சல். சென்னையில் உண்ணி இல்லாத தெரு உண்டா? உண்ணி கடித்துப் பரவுகிற எர்லிக்கியா என்ற கிருமி தட்டணுக்களைக் குறைத்துவிடும். தட்டணு குறைந்தால் ரத்தம் சரியாக உறையாது. அந்த நிலையில் வயிற்றைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. 28 நாள் டாக்ஸிசைக்ளின் கொடுத்து, மறுபடி பரிசோதித்து, எண்ணிக்கை ஏறிய பிறகுதான் பிப்ரவரியில் தேதி கொடுத்தார். "சின்ன ஆபரேஷன்தானே, ரத்த டெஸ்ட் எதுக்கு" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நம் ஊரில் அந்தப் பரிசோதனைதான் முதல் வேலை.

இதற்கிடையில் எதிர் வீட்டுப் பாட்டி தினமும் ஒரு முறை அம்மாவிடம் வருத்தப்பட்டார். "ஒரு தடவையாச்சும் குட்டி போடட்டுமேம்மா, அதுவும் பொம்பளை ஜென்மம்தானே." பாட்டியின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு முறை ஈனுவதால் நாயின் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை. கருத்தடை செய்யாமல் வயதாகும் பெட்டை நாய்களுக்குக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வருவது சகஜம். அது முற்றினால் உயிருக்கே ஆபத்து, ராத்திரியோடு ராத்திரியாக இதே ஆபரேஷனைச் செய்ய வேண்டியிருக்கும், அதுவும் நோயில் துவண்ட உடம்பில். அப்புறம் அந்தக் குட்டிகள்? நாய்க்கு 63 நாள்தான் கர்ப்பம். ஐந்தாறு குட்டி போட்டால் நல்ல வீடு எத்தனைக்குக் கிடைக்கும்? செவலையோடு பிறந்த மூன்றும் ஜிஎஸ்டி ரோட்டில் அடிபட்டுச் செத்துவிட்டன. பாட்டியிடம் அதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, நல்லா பாத்துக்கோ" என்றார்.

ஆபரேஷன் ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சாப்பாடு இல்லை. வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காலையில் கொண்டுபோய் விட்டேன். மதியம் ஒன்றரைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

மயக்கம் தெளிகிற நாயை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைச் சவ்வு பாதிக் கண்ணை மூடியிருந்தது. உடம்பு நடுங்கியது. நீட்டி நீட்டி ஒரு ஊளை, குட்டியில்கூட அப்படி அழுததில்லை. அம்மா வாசலிலேயே உட்கார்ந்து, "ஏண்டி, இதுக்கு இவ்ளோ வலிக்குமா, தெரிஞ்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேனேடி" என்று அழுதுவிட்டாள். டாக்டரிடம் போன் செய்தேன். "அது வலி மட்டும் இல்லைங்க. மயக்க மருந்து இறங்கும்போது அப்படித்தான் குழம்பும். வலிக்கு ஊசி போட்டிருக்கு. குளிராம பாத்துக்கங்க, பக்கத்துல இருங்க, அது போதும்" என்றார். மயக்கத்தில் உடம்புச் சூடு இறங்கிவிடும், நடுக்கம் அதனால்தான். பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து, காற்றாடியை நிறுத்திவிட்டு, போர்த்திவிட்டேன். தரையில்தான் படுக்கவைத்தேன். கட்டிலோ சோபாவோ வேண்டாம். அரை மயக்கத்தில் எழுந்து விழுந்துவிடும். படுத்தபடியே சிறுநீர் போனாள். துடைத்து, துணியை மாற்றி, மறுபடி போர்த்தினேன்.

எங்கள் வீடு முதல் மாடி. பதினெட்டுப் படி. 17 கிலோ நாயை எப்படித் தூக்குவது என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டது பெரிய உதவி. ஒரு கை முன்னங்கால்களுக்கு முன்னால் மார்பைச் சுற்றி, இன்னொரு கை பின்னங்கால்களுக்குப் பின்னால், தொடையைச் சுற்றி. வயிற்றுக்கு அடியில் கை போகவே கூடாது. இரண்டு வாரம் ஒரு நாளைக்கு மூன்று முறை அப்படித்தான் தூக்கி இறக்கினேன். காவல்கார அண்ணன் இருக்கும்போது அவர் பின்பாதியைப் பிடித்துக்கொள்வார்.

முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குத் தலை நின்றது. கொஞ்சமாகத் தண்ணீர், அரை மணி கழித்து இரண்டு கரண்டி குழைந்த சாதம். ஒரேயடியாகக் கொடுத்தால் வாந்திதான். மறுநாளிலிருந்து வேகவைத்த கோழி, சாதம், மஞ்சள் பூசணி. வெங்காயம் இல்லாமல். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சாம்பாரில் கரைந்த வெங்காயமும் அந்தக் கணக்கில்தான். இரண்டு மூன்று நாள் மலம் போகாவிட்டால் பதறாதீர்கள். பட்டினியும் மயக்க மருந்தும் சேர்ந்து அப்படிச் செய்யும். பூசணி அதற்காகத்தான். அவளுக்கு மூன்றாம் நாள் போனது. அம்மா சாமிக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள்.

வலிக்கு டாக்டர் கொடுத்த மருந்து மெலாக்சிகாம், நாளுக்கு ஒரு முறை, சாப்பாட்டுக்குப் பிறகு. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ நீங்களாக நாய்க்குக் கொடுக்காதீர்கள். மனிதனுக்குத் தலைவலி தீர்க்கிற மாத்திரை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக் கொன்றுவிடும். அதே போலத்தான் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும். அம்மா முதல் நாளே கிண்ணத்தில் குழைத்துவிட்டாள். நம் வீட்டில் எந்தக் காயத்துக்கும் அதுதான் கை மருந்து. ஆனால் தையல் உலர்ந்து இருந்தால்தான் சேரும். எண்ணெய் போட்டால் ஈரம் நிற்கும், அழுக்கு ஒட்டும், வாசனைக்கு அவளே நக்குவாள். தையல்மேல் எதுவும் போட வேண்டாம், ஈ மட்டும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். ஈ என்பது சின்ன விஷயம் இல்லை. நம் ஊர் வெயிலில் ஈ முட்டையிட்டால் ஒன்றிரண்டு நாளில் புண்ணில் புழு வைத்துவிடும். தையலைச் சுற்றி அடிக்க ஒரு ஸ்ப்ரே கொடுத்தார். அவள் படுத்திருந்த நேரமெல்லாம் கொசுவலையை மேலே போட்டுவைத்தோம்.

தினமும் காலை ஏழு மணிக்கு, பால்கனி வெளிச்சத்தில், தையலை ஒரு போட்டோ எடுத்தேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நேற்றைவிட வீக்கம் கூடியிருக்கிறதா, சிவப்பு பரவியிருக்கிறதா என்று நினைவிலிருந்து சொல்லவே முடியாது. இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். லேசான சிவப்பு, விளிம்பில் கொஞ்சம் தடிப்பு, முதல் நாள் ஒன்றிரண்டு சொட்டு ரத்தநீர் எல்லாம் சரி. சீழ், நாற்றம், சொட்டிக்கொண்டே இருக்கிற ரத்தம், வாய் பிளந்த தையல் சரியில்லை. ஈறையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்துப்போய், நாய் துவண்டு கிடந்தால் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இதெல்லாம் முதல் மூன்று நாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மூன்று நாளும் சுலபம். அவளுக்கு வலித்தது, அதனால் அவளே அசையவில்லை. நாங்களும் பயந்துபோய் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். வலி அவளையும் காத்தது, எங்களையும் விழிப்பாக வைத்தது.

நான்காம் நாள் காலை அவள் வாலை ஆட்டினாள். ஐந்தாம் நாள் பால்கனிக்கு வந்த அணிலைப் பார்த்துப் பாய்ந்தாள். கயிறு கட்டியிருந்ததால் இரண்டடியில் நின்றாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சரியாயிடுச்சு என்று அம்மா ஊருக்கெல்லாம் போன் செய்தாள். நானும் ஆறாம் நாள் வேலைக்குப் போனேன்.

அன்றைக்குத்தான் நடந்தது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டியிருந்த கூம்பு, அதாவது கோன், அதோடு சாப்பிட அவள் படுகிற பாடு அம்மாவால் தாங்க முடியவில்லை. கூம்பின் விளிம்பு தரையில் இடிக்கும், தட்டு நகரும், அவள் அண்ணாந்து பார்ப்பாள். மதியம் சாப்பாட்டுக்காகக் கழற்றியிருக்கிறாள். குக்கர் விசில் வர உள்ளே போயிருக்கிறாள். வெறும் பத்து நிமிஷம். திரும்பி வரும்போது கீழ்ப் பக்கம் இரண்டு தையல் இல்லை. தோல் ஒரு விரற்கடை நீளத்துக்கு வாய் திறந்து, உள்ளே ஈரமாகத் தெரிந்தது. அம்மா போனில் பேசவே முடியாமல் திணறினாள்.

ஆட்டோவில் ஓடினோம். டாக்டர் கையுறை போட்டு மெதுவாக அழுத்திப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது. "தோல் மட்டும்தான் விட்டிருக்கு. உள் தையல் பிடிச்சிருக்கு. தப்பிச்சீங்க" என்றார். அந்த இடத்தை மரக்கச் செய்து, கழுவி, மறுபடி இரண்டு தையல். ஆன்டிபயாடிக் மாத்திரை. பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்க வேண்டியது பதினெட்டாம் நாளுக்குப் போனது.

அங்கே உட்கார்ந்துதான் எனக்கு இந்த ஆபரேஷன் என்னவென்றே புரிந்தது. வெளியில் நமக்குத் தெரிகிற ஒரு கோடு, உள்ளே மூன்று அடுக்குத் தையல். அடியில் வயிற்றுச் சுவர், நடுவில் கொழுப்பு, மேலே தோல். தோல் ஒரு வாரத்தில் ஒட்டினதுபோலத் தெரிந்துவிடும். வயிற்றுச் சுவர் அப்படியில்லை. இரண்டு வாரம் ஆனாலும் அதற்குப் பழைய வலுவில் சிறு பங்குதான் வந்திருக்கும். அதுவரை தானே கரைகிற அந்த நூல்தான் குடலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாய்க்கு இது தெரியாது. நான்காம் நாள் வலி விட்டதும், தனக்கு ஒன்றுமில்லை என்று அதன் உடம்பு அதற்குச் சொல்லிவிடுகிறது. ஐந்தாம் நாளிலிருந்து புண் ஆறும்போது அரிப்பும் சேர்ந்துகொள்ளும். நாயின் எச்சில் மருந்து என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. வாயில் இருக்கிற கிருமிகளும் முன்பற்களும் அந்தத் தையலை என்ன செய்யும் என்று நான் பார்த்துவிட்டேன்.

அம்மாவை நான் ஒன்றும் சொல்லவில்லை. கோனோடு சாப்பிட வழி பண்ணாமல் போனது என் தவறு. அன்று சாயங்காலமே பண்ணினேன். கூம்பின் வாயைவிடச் சின்னத் தட்டாக எடுத்து, அதைக் கவிழ்த்த பாத்திரத்தின்மேல் வைத்தேன். கூம்பு தட்டையே மூடிக்கொண்டு இறங்கும், விளிம்பு தரையில் இடிக்காது. அவ்வளவுதான் வேலை; அரை நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்தாள். தண்ணீரும் அப்படியே. கூடவே அப்பாவின் பழைய கை பனியன் ஒன்று: கழுத்துப் பக்கத்தைப் பின்பக்கமாகப் போட்டு, அந்த ஓட்டை வழியே வாலை விட்டு, கை ஓட்டைகளில் பின்னங்கால்களை நுழைத்து, மிச்சத் துணியை முதுகில் முடிச்சுப் போட்டால் வயிறு முழுக்க மூடிவிடும். சிறுநீர் போகும் நேரம் மட்டும் அவிழ்க்க வேண்டும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். பனியன் இருக்கிறதே என்று கோனை விட்டுவிடக் கூடாது. துணியைக் கடித்துக் கிழிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஓடவும் கூடாது, குதிக்கவும் கூடாது, ஆனால் ஒன்றரை வயது நாய். அதை எப்படி உட்காரவைப்பது? மூக்குக்கு வேலை கொடுத்துத்தான். பழைய துண்டை விரித்து, வேகவைத்த கோழித் துணுக்குகளை உள்ளே தூவி, தளர்வாகச் சுருட்டி, கோன் இடிக்காத உயரத்தில் கையில் பிடித்துக்கொள்வேன். மோந்து மோந்து அவிழ்ப்பாள். கால் மணி நேரம் அப்படித் தேடினால் போதும், அரை மணி நேரம் ஓடினதுபோல அசந்து தூங்கிவிடுவாள். வெளியே போவது கயிற்றோடு, கேட்டிலிருந்து வேப்பமரம் வரை, சிறுநீர் மலத்துக்கு மட்டும். குளியல் கிடையாது.

கடுவன் வளர்ப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. வயிற்றைத் திறப்பதில்லை, வெட்டு சின்னது. ஆனால் நக்கும் விஷயத்தில் இதே காவல்தான். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ஆபரேஷன் ஆன பிறகும் சில வாரங்களுக்கு அதனால் பெட்டையைச் சினைப்படுத்த முடியும். மிச்சம் இருக்கிற விந்து போக நாளாகும். அதுவரை தனியாக வையுங்கள்.

ராத்திரி விழித்திருந்த நேரங்களில் தெருமுனையில் படுக்கிற மணியைப் பற்றித்தான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். அவள் காது நுனியில் ஒரு வெட்டு இருக்கிறது. கருத்தடை ஆன தெருநாய்க்கு அது அடையாளம். மாநகராட்சி வண்டியில் போய்த் திரும்பியவள். இதே சென்னையில் ஒரு காலத்தில் அந்த வண்டியில் ஏறின நாய் திரும்பி வராது. மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யுங்கள் என்று புளூ கிராஸ் அமைப்பு 1960களிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. 1996ல்தான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. இன்றைக்கு, பொதுவாகப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று விதியே இருக்கிறது. மணிக்குக் கோன் போட்டுவிட ஆளில்லை, பனியன் கட்டிவிட ஆளில்லை. உங்கள் தெருவில் காதில் புது வெட்டோடு ஒரு நாய் திரும்பி வந்தால், ஒரு வாரத்துக்கு அதன் வயிற்றைத் தூரத்திலிருந்தாவது பாருங்கள். வீங்கியிருந்தால், ஈ மொய்த்தால், கூட்டிக்கொண்டு போனவர்களுக்கே சொல்லுங்கள். சாப்பாடு வைக்கிற கைக்கு இதுவும் சேர்ந்த வேலைதான்.

செவலையின் உடம்பு இனி முன்னைப்போலச் சக்தியை எரிக்காது, எடை போடும், சாப்பாட்டைக் குறைத்துப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் டாக்டர். பாட்டி நேற்று கறிவேப்பிலை கொடுக்கிற சாக்கில் வந்து, குனிந்து அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனார். முடி இன்னும் முளைக்கவில்லை. ஒரு மெல்லிய கோடு மட்டும் இருக்கிறது.

உங்கள் வீட்டு நாய்க்குத் தேதி குறித்திருந்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லீவு எடுப்பதாக இருந்தால் ஆபரேஷன் அன்றைக்கும் மறுநாளைக்கும் மட்டும் எடுக்காதீர்கள். நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை வீட்டில் யாராவது ஒருவர் கூடவே இருங்கள்.